மூன்று மொழியில் ஒரு வாஷிங் மெசின்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என் சொந்த வீட்டுக் குளியலறைக்குள் சிறை வைக்கப்பட்டேன். வைத்தது யார் என்கிறீர்களா? எங்கள் வாஷிங் மெசின்.

சிரிக்காதீர்கள். ஹட்டனில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் புரியும். இங்கே வீட்டைக் கட்டுவதில்லை – மலையில் தொற்ற வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மெசினுக்குக் கிடைத்த ஒரே இடம், குளியலறைக்கு வெளியே இருக்கும் ஒடுக்கமான நடை. குளியலறைக் கதவோ வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. நான் உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே மெசின் துணி பிழியத் தொடங்கியது. தடதடவென்று ஒரு சத்தம். கீழே ரயில் போகிறது என்று நினைத்தேன். ரயில் என்றால் போய் முடிந்துவிடும் அல்லவா... இது முடியவேயில்லை.

குளித்துவிட்டுக் கதவைத் தள்ளினால் அசையவில்லை. மெசின் ஆடி ஆடி, இரண்டடி நடந்து வந்து, கதவில் சாய்ந்துகொண்டு நின்றுவிட்டது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. என் மனைவி சாந்தியும், என் அக்காவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். மழைக்காலத்து ஹட்டன் குளிரில், இடுப்பில் ஒரு துவாயோடு, ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தன் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கலாம்? முக்கால் மணித்தியாலம் யோசிக்கலாம். நான் யோசித்தேன்.

கடைசியில் அக்காதான் வந்து, மெசினைத் தோளால் ஒரு முட்டு முட்டித் தள்ளி என்னை வெளியே எடுத்தாள். என் கோலத்தைப் பார்த்ததும் நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு. "சாந்தி, இங்க வந்து பாரு. தம்பிய மெசின் ரிமாண்ட்ல வச்சிருச்சு" என்றாள். சாந்தி மரக்கறிப் பையைக் கூடக் கீழே வைக்காமல் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "இது கெழடாப் போச்சு தம்பி. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கு."

அன்று ஆரம்பித்தது எங்கள் வீட்டு விவாதம். திருத்துவதா? மாற்றுவதா?

சாந்தி 'மாற்றுவது' கட்சி. பஸார் கடையொன்றில் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் சலுகை இருக்கிறதாம். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகளும் வாட்ஸ்அப்பில் அந்தக் கட்சியில் சேர்ந்துகொண்டாள். முன்பக்கம் கதவு வைத்த மெசின்களின் படங்களாக அனுப்பித் தள்ளினாள். நான் 'திருத்துவது' கட்சி. கட்சியில் நான் மட்டும்தான் உறுப்பினர். ஒரு பொருள் ஒன்பது வருஷம் உழைத்திருக்கிறது. ஒரு நாள் நடந்ததற்காக அதை வீட்டைவிட்டுத் துரத்துவதா? நானும்தான் இருபத்துமூன்று வருஷமாக இருக்கிறேன், குறட்டை விடுகிறேன். என்னை மாற்றினார்களா? இதைச் சாந்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மலைநாட்டில் வாஷிங் மெசின் ஆடம்பரப் பொருள் இல்லை என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே துணி தோய்ப்பது ஒரு பிரச்சினையே அல்ல. காய வைப்பதுதான் பிரச்சினை. பனியும் தூறலும் மாறி மாறி வரும் மாதங்களில் ஒரு காற்சட்டை காய நான்கு நாள் எடுக்கும். நான்காம் நாள் எடுத்து முகர்ந்தால் திரும்பவும் தோய்க்கத் தோன்றும். மெசின் நன்றாகப் பிழிந்து கொடுத்தால் பாதி காய்ந்த மாதிரி. அதற்காகத்தான் இந்த மெசினே.

அதற்காகத்தான் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், அவளும் மச்சானும் இருக்கிறார்கள். அவள் இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறாள். கிழமை முழுவதும் சேர்ந்த உடுப்பை ஒரு பெரிய பையில் கட்டிக்கொண்டு, அந்த வளைவு வளைவான பாதையில் பஸ் ஏறி வந்து, மெசினில் போட்டுவிட்டு, பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவாள். எங்களுக்கும் அந்த ஒரு நாள்தான் வீட்டில் ஆள் நடமாட்டம்.

புதன்கிழமை நிமல் பாஸை அழைத்தேன். பாஸ் என்றால் முதலாளி இல்லை. இந்த நாட்டில் கையில் குறடு வைத்திருக்கும் ஒவ்வொரு வேலைக்காரரும் பாஸ்தான். நிமல் பாஸ் வந்தார், மெசினுக்குள் எங்கள் உடுப்பைப் போட்டார், சுவிட்சைத் தட்டினார். மெசின் என்ன செய்தது தெரியுமா? தியானத்தில் உட்கார்ந்த மாதிரி ஓடியது. பிழியும்போதும் ஒரு முனகல்கூட இல்லை.

"மாத்தயா, மெசின் நல்லம் தானே" என்றார் பாஸ். மாத்தயா என்றால் ஐயா.

எனக்கு மானம் போயிற்று. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பாஸ் இப்படிச் செய்யுது" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று தெரிந்தது. மெசினுக்கு என்ன கிழமை தெரியும்?

பாஸ் சிரிக்கவில்லை. கெட்டிக்காரர். "ஞாயிற்றுக்கிழமை உள்ளுக்கு என்ன போடுறது?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ட்ரம்மின் பக்கத்தில் இருக்கும் தூசு வடிகட்டும் பையைக் கழற்றிக் கையில் கொட்டினார். நூல், பஞ்சு, ஒரு பொத்தான்... அதோடு இரண்டு தேயிலைக் காம்பு. பிறகு கறுப்பாக, தோல் மாதிரி உரிந்த துண்டுகள். பாஸ் ஒரு துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

சாந்தியின் முகம் மாறியது. "மதினியோட படங்கு" என்றாள் மெதுவாக. அவளுக்கு மதினி என்றால் என் அக்கா.

படங்கு தெரியும்தானே? கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வது. செடியின் ஈரமும் குச்சியும் படாமலிருக்க. முன்பு சாக்கில் இருந்தது. இப்போது தடித்த ரெக்சினில். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது. அதுதான் அதன் குணம். அதுதான் எங்கள் மெசினுக்குக் கண்டமும்.

பாஸ் விளக்கினார். மற்றத் துணியென்றால் மெசின் சுழலும்போது தண்ணீரை விட்டுவிடும். படங்கு விடாது. மடிப்புக்குள் ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே சுழலும். ஒரு பக்கம் மட்டும் பாரம். ட்ரம் போய் இடிக்கும், மெசின் நடக்கும், கொஞ்ச நாளில் உடைந்தே போகும். மெசினைச் சாய்த்துக் காட்டினார். ட்ரம்மைத் தாங்கும் நான்கு கம்பிகளில் இரண்டு வளைந்திருந்தன.

"ரெண்டு கம்பி மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் மாத்தயா. ஆனா படங்கு போட்டா, நீங்க புது மெசின் எடுத்தாலும் மூணு மாசம்தான்."

ஆக, திருத்துவதா மாற்றுவதா என்ற மாபெரும் விவாதம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. என் கட்சி வென்றது. ஆனால் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. பாஸ் போன பிறகு எனக்கும் சாந்திக்கும் ஒரே கேள்வி. அக்காவிடம் யார் சொல்வது?

இதில் என்ன இருக்கிறது, 'படங்கைப் போடாதே அக்கா' என்று சொன்னால் முடிந்தது என்பீர்கள். உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது.

இந்த மெசின் வாங்கியபோதே அவளைக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டாள். 'என் அழுக்கை உங்க வீட்ல வந்து கொட்டவா' என்பாள். சாந்தி விடாமல் கூப்பிட்டு, போன வருஷம்தான் வரத் தொடங்கினாள். வந்தாளே – எப்படி வந்தாள் தெரியுமா? லயத்துக்குக் கீழே தண்ணீர் விழும் பீலியில் எல்லாவற்றையும் நன்றாகத் தோய்த்து, பளிச்சென்று ஆக்கி, அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து மெசினில் போட்டாள். தோய்த்த துணியைத் தோய்க்க, இரண்டு பஸ் மாறி! அதுவும் கோயில் சேலைகள் மட்டும். வேலைக்கு உடுத்தும் துணியைக் கண்ணில் காட்டவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். ஒரு ஞாயிறு மச்சானின் காற்சட்டை வந்தது. இன்னொரு ஞாயிறு கொழுந்துக் கறை பிடித்த சட்டை வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, மண்ணும் சேறுமாகப் படங்கையே கொண்டுவந்து, எங்களைக் கேட்கக்கூட இல்லாமல் மெசினுக்குள் போட்டாள். அன்றைக்குச் சாந்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள்: "பாத்தீங்களா? மதினி இப்பத்தான் இத அவங்க வீடுன்னு நெனக்கிறாங்க." எங்கள் இருவருக்கும் கண் கலங்கியது. நடையில் மெசின் தடதடவென்று ஆடியது. நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

நான் படித்ததே அவள் படிப்பை விட்டதனால்தான். எட்டாம் வகுப்போடு நின்று மலைக்குப் போனாள். என்னிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தினமும் தோய்த்து அடுப்புக்கு மேலே காயப்போட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். புகை நாற்றம் அடிக்கிறது என்று நான் முறைத்துக்கொண்டு போவேன். அப்படிப்பட்டவளிடம் போய், 'உன் துணியால் என் மெசின் கெட்டுப்போச்சு' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அடுத்த ஞாயிறு வரமாட்டாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வந்தாலும், மறுபடி தோய்த்த கோயில் சேலையோடுதான் வருவாள்.

வியாழக்கிழமை முழுவதும் யோசித்தோம். அவள் பார்க்காத நேரம் படங்கை மட்டும் வெளியே எடுத்துவிடலாம் என்றாள் சாந்தி. என் அக்கா பார்க்காத நேரமா? நூறு செடிக்கு அந்தப் பக்கம் யார் கிளையை உடைத்தது என்று கண்டுபிடிப்பவள் அவள். மெசின் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றேன் நான். அப்புறம் எங்கள் துணி எப்படிக் காய்கிறது என்று கேட்பாளே.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது.

நான் வேலை செய்வது தபால் கந்தோரில் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கந்தோரில் எங்களுக்கு ஒரு பழக்கம். எதையும் யாரிடமும் வாயால் சொல்ல மாட்டோம். எழுதி ஒட்டிவிடுவோம். பசை இங்கே, பேனையை எடுத்துச் செல்ல வேண்டாம், வரிசையில் நிற்கவும்... சுவர் முழுக்க அறிவித்தல். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை, சண்டையும் இல்லை. இதையே வீட்டிலும் செய்தால் என்ன? நான் சொன்னால்தானே மனது நோகும்? கம்பனி சொன்னால்?

எழுதினேன். "முக்கிய அறிவித்தல். ரெயின்கோட், படங்கு, பொலித்தீன் விரிப்பு என்பவற்றை இவ்வியந்திரத்தில் இடுதல் ஆகாது. இங்ஙனம், முகாமைத்துவம்." நிர்வாகம் என்பதற்குக் கந்தோர்ச் சொல் அது. தமிழில் மட்டும் ஒட்டினால் கம்பனி மாதிரி இருக்காதே என்று, கம்பி மாற்ற வந்த நிமல் பாஸிடம் சிங்களத்தில் எழுதி வாங்கினேன். ஆங்கிலத்தில் நானே எழுதினேன். படங்குக்கு ஆங்கிலத்தில் என்ன? அகராதியில் தேடினேன், ஒன்றும் சரியாக வரவில்லை. படங்கு என்றே ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டேன். தெருமுனைக் கடையில் மூன்று நிறத்தில் அச்சடித்து, லெமினேட் செய்து, மெசின் மூடியில் ஒட்டினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசல் கம்பனி அறிவித்தல்.

"மதினி கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள் சாந்தி.

"எப்படிக் கண்டுபிடிப்பா? மூணு மொழியில இருக்கு பாரு" என்றேன்.

ஞாயிறு வந்தது. அக்காவும் பையோடு வந்தாள். நேராக நடைக்குப் போனாள். நானும் சாந்தியும் சமையலறையில் தேங்காய் துருவுவதில் மிக மும்முரமாக இருந்தோம் – ஒரே தேங்காயை இருவர். அக்கா அறிவித்தலின் முன் நின்றாள். தமிழை வாசித்தாள். கொஞ்சம் குனிந்து ஆங்கிலத்தையும் பார்த்தாள். பையைத் திறந்து படங்கை எடுத்துத் தனியே வைத்தாள்.

சரி, வேலை முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. மச்சானின் காற்சட்டையையும் எடுத்தாள். கொழுந்துக் கறைச் சட்டைகளையும் எடுத்தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள். இரண்டே இரண்டு சேலையை மட்டும் மெசினில் போட்டு மூடினாள்.

எது நடக்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டேனோ, அதுவே என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. மெசின் சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை.

பகல் சாப்பாட்டில் அக்கா இரண்டாம் முறை சோறு வேண்டாம் என்றாள். கை கழுவப் போகும் முன் என்னைப் பார்த்தாள்.

"அந்த நோட்டீச ஒட்டுனது யாரு தம்பி?"

"கம்பனிக்காரங்க அக்கா. திருத்துனாங்கல்ல, அப்ப ஒட்டிட்டுப் போனாங்க."

"எந்த நாட்டுக் கம்பனி?"

"வெளிநாடு அக்கா. கொரியா பக்கம்."

அக்கா தலையாட்டினாள். சோற்றுப் பருக்கை ஒன்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"கொரியாவுல பொம்பளைங்க படங்கு கட்டிக்கிட்டா தம்பி மலைக்குப் போறாங்க?"

சாந்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. குளியலறைதான் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வளைந்த கம்பி, வடிகட்டியில் இருந்த காம்பு, நிமல் பாஸ், எங்கள் பயம் எல்லாவற்றையும். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள்.

"தோட்டத்துல எங்கள மேக்கிற கண்டாக்கு தெனமும் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு, கொழுந்து முத்தல், நெறுவ கொறச்சல்னு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னா, செத்தா போனேன்? மெசினுக்கு ஆகாதுன்னா, 'அக்கா இது ஆகாது'ன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நோட்டீஸ் ஒட்டுறது வெளியாளுக்கு, தம்பி. நான் வெளியாளா?"

அவள் மனது நோகக்கூடாது என்றுதானே எழுதி ஒட்டினேன்? நொந்தது படங்கினால் இல்லை. அந்த லெமினேட் அட்டையினால். அவள் உடுப்பைத் திருப்பி மடித்து வைத்ததும் அதனால்தான். 'முகாமைத்துவம்' என்று கையெழுத்து வைத்த வீட்டில் யார்தான் சேற்றுத் துணியைப் போடுவார்கள்?

நீங்களும் யோசித்துப் பாருங்கள். வெளியாளிடம் நாம் எவ்வளவு வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறோம். கடைக்காரர், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரர் – யாரிடமும் தயக்கமில்லை. நம் ஆள் என்று வந்துவிட்டால் மட்டும் பூசி மெழுகுகிறோம், சுற்றி வளைக்கிறோம், மூன்று மொழியில் ஒளிந்துகொள்கிறோம். மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஆளைத் தள்ளி வைத்துவிடுகிறோம். எனக்கு இது விளங்க நாற்பத்தாறு வயது ஆகியிருக்கிறது.

"மன்னிச்சிரு அக்கா" என்றேன்.

"மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும்" என்று அவள் எழுந்தாள். நடைக்குப் போனாள். நகத்தால் கிளறி அந்த அட்டையைப் பிய்த்து எடுத்து, சாந்தியிடம் கொடுத்தாள். "நல்ல மட்டை. சட்டிக்கு அடியில போடு." பிறகு பையைக் கவிழ்த்தாள். காற்சட்டையும் கறைச் சட்டைகளும் மெசினுக்குள் போயின. சாந்தி இரண்டாம் முறைச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள். அக்கா நின்றபடியே வாங்கிச் சாப்பிட்டாள்.

மிஞ்சியது படங்கு. மெசினில் போடக் கூடாது. அப்படியே திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. அக்கா அதைத் தூக்கி வாசல் தண்ணீர்ப் பைப்படியில் விரித்துப் போட்டாள். பிரஷ் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தா, தேயி" என்றாள்.

தூறலில் குந்தியிருந்து தேய்த்தேன். தபால் கந்தோரில் என் கையொப்பத்துக்காக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதை இங்கே அடக்கத்தோடு குறிப்பிட விரும்புகிறேன். அக்கா படியில் நின்று, மேலே தேயி, கீழே தேயி, மடிப்புல சேறு இருக்கு பாரு என்று மேற்பார்வை செய்தாள். சாந்தி அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத்தான் தெரிந்தது, அந்தப் படங்கு எவ்வளவு கனம் என்று. இதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறாள். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கையில் தூக்கிப் பார்த்ததில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் பத்தியில் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். தாராளமாக எழுது, அந்தத் துவாய் விஷயத்தை மட்டும் விட்டுவிடாதே என்றாள். விடவில்லை.

போகும்போது பஸ் படியில் நின்று ஒரு செய்தியும் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு மச்சானின் ரெயின்கோட்டையும் கொண்டுவருகிறாளாம் – மெசினுக்கு இல்லை, எனக்கு.